பிடித்த மீனை உயிரோடு வீடு சேர்ப்பது எப்படி: கண்மாய்க் கரையிலிருந்து தொட்டி வரை

வாளியில் மல்லாந்து கிடக்கும் மீனைப் பார்த்து, "பிடிக்கும்போதே அடிபட்டிருக்கும்" என்பார்கள். எப்போதாவது அது உண்மை. பெரும்பாலான நேரம் அந்த மீன் செத்தது தண்ணீரால்.

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களிலிருந்து வீட்டு சிமெண்ட் தொட்டிக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் பல கோடைகளாக மீன் கொண்டுவருகிறேன். என்னோடு புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். முதலில் மீனைப் பிடிக்கிறார்கள், அப்புறம் தண்ணீருக்கு அலைகிறார்கள். தண்ணீர் முதலில், மீன் அடுத்து என்று வரிசையை மாற்றினாலே சாவு பாதியாகக் குறைந்துவிடும். கீழே உள்ளவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

## 1. எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சாயங்காலம் குழம்பு வைக்கப் போகிற மீனுக்கும், கிணற்றில் விட்டு வளர்க்கப் போகிற மீனுக்கும் ஏற்பாடு ஒன்றல்ல. அரை மணி நேரப் பயணத்துக்கு மூடியுள்ள ஒரு வாளி போதும். இரண்டு மணி நேரம் என்றால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வேண்டும். ஐந்தாறு மணி நேரம் தாண்டுமானால் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பை இல்லாமல் கெண்டை வகைகளைக் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

நாலு மணி நேரத்துக்குள் சமையலுக்குத்தான் என்றால், என் யோசனை வேறு. மீனை வாளியில் வதைக்காமல் கரையிலேயே தலையில், கண்ணுக்குச் சற்று மேலே, ஓங்கி ஒரே அடி கொடுத்துக் கொன்று ஐஸில் வையுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். சூடான வாளியில் திணறித் திணறிச் செத்த மீனைவிட அதன் சதை கெட்டியாக இருக்கும், மீனுக்கும் வேதனை குறைவு.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கண்மாய்கள் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவரிடம் பேசினால் கண்மாயில் எந்தப் பக்கம் ஆழம், எங்கே தெளிந்த தண்ணீர் என்பதும் தெரியும். அதுதான் நமக்கு வேண்டும்.

## 2. எந்த மீன், எதில் மூச்சு விடுகிறது

நம் நன்னீர் மீன்களை இந்த வேலைக்காக இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

கட்லா, ரோகு, மிர்கால், சேல் கெண்டை, ஜிலேபி இவையெல்லாம் செவுளை நம்பி வாழ்கிறவை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் இவற்றின் மூச்சு. இவற்றில் ஜிலேபி வலுவானது, கட்லா மிகவும் நொய்யது. கெளுத்தியையும் இந்தக் கூட்டத்திலேயே சேர்த்து நடத்துங்கள். தேளியின் சொந்தக்காரன் மாதிரித் தெரிகிறதே என்று கொஞ்சத் தண்ணீரில் போட்டுவைத்தால் கண்ணெதிரே துவண்டுவிடும்.

விரால், குறவை, தேளி, பனையேறி ஆகியவற்றுக்குச் செவுளோடு, நேரடியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் உறுப்பும் உண்டு. வளர்ந்த விரால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்று எடுத்துவிட்டுக் கீழே போகும். அது திணறல் இல்லை, இயல்பு. அதைத் தடுத்தால்தான் ஆபத்து. வலைப்பைக்குள் போட்டுத் தண்ணீருக்கு அடியில் முழுக வைத்தால் விரால் மூழ்கிச் சாகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்பவர்கள் ஒருமுறை அதைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வகையையும் ஒரே வாளியில் போடாதீர்கள். விரால் சின்ன மீனைக் கடித்துவிடும். கடிக்காவிட்டாலும் அது அடிக்கிற அடியில் கெண்டையின் செதில் உரியும்.

## 3. முந்தின நாளே தயாராக வேண்டியவை

முதலில் வீட்டுத் தொட்டி. மீன் வந்து சேரும்போது அதற்கான தண்ணீர் குறைந்தது ஒரு நாள் வயதானதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மேல்நிலைத் தொட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் மூக்கிலேயே அடிக்கும். மனிதருக்குப் பாதுகாப்பான அந்த அளவு மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். அகலமான தொட்டியில் திறந்து வைத்து 24 மணி நேரம் வெயில் பட விட்டால் குளோரின் போய்விடும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் வண்ணமீன் கடைகளில் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தோ ஹைப்போ படிகமோ கிடைக்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நேராக நிரப்புகிறவர்கள் உண்டு. அதில் குறை வேறு மாதிரி. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதையும் ஒரு நாள் விட வேண்டும், அல்லது உயரத்திலிருந்து பீய்ச்சி விழவைத்து நிரப்ப வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டவே வேண்டாம். மீனுக்குத் தேவையான உப்புகளும் அதில் வடிந்து போயிருக்கும்.

புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டி என்றால் ஒரு நாள் போதாது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரம் ஏறும். நிரப்பி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுக் கொட்டுங்கள். இப்படி இரண்டு வாரத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எங்கள் பக்கம் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைப்பார்கள். தண்டு அழுகி நாறுவதற்கு முன்னால் எடுத்துத் தொட்டியைக் கழுவிவிடுங்கள்.

அடுத்து பாத்திரம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியோடு வருவதால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பழைய பெயிண்ட் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் அது வேண்டாம். பூச்சிமருந்து இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். செப்புக்குடம், பித்தளை அண்டா இரண்டும் ஆகாது, செம்பு மீனுக்கு விஷம். சமையல் எண்ணெயோ ஊறுகாயோ வந்த பிளாஸ்டிக் வாளி நல்லது. அதை சோப்பு போடாமல் கல் உப்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

குறுகலான குடத்தைவிட அகலமான வாய் உள்ள பாத்திரம் நல்லது. தண்ணீருக்குள் காற்று மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. கழுத்து வரை நிரப்பிய குடத்தைவிட, முக்கால் நிரப்பிய அகல வாளியில் மீன் நீண்ட நேரம் தாங்கும்.

இவை தவிர நான் எடுத்துப்போவது:

- பேட்டரி காற்று மோட்டார், குழாய், காற்றுக் கல். மோட்டாரை முந்தின இரவே ஓட்டிப் பார்த்துவிடுவேன்.
- அரை லிட்டர் பாட்டில் இரண்டில் உறையவைத்த ஐஸ்.
- கல் உப்பு, 60 கிராம் பொட்டலமாகக் கட்டியது. 20 லிட்டருக்கு ஒரு பொட்டலம்.
- முடிச்சில்லாத மெல்லிய கைவலை.
- மூக்கு நீண்ட குறடு, கத்தரி.
- ஈரச் சாக்கு இரண்டு.
- மூடியில் ஓட்டை போட்ட இன்னொரு காலி வாளி.

காலி வாளி எதற்கு என்று கேட்பார்கள். ஒன்றில் மீன் திணறினால் மாற்றுவதற்கு. இந்த ஒரு வாளி இல்லாமல் போனவர்கள்தான் பாதி மீனை வழியிலேயே இழக்கிறார்கள்.

கடைசியாக, சொந்தத் தொட்டியிலோ பண்ணைக் குட்டையிலோ பிடித்து இடம் மாற்றுகிறீர்கள் என்றால், முந்தின நாள் இரை போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் வழியெல்லாம் கழியும். அந்தக் கழிவும், செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவும் சின்ன வாளியில் சேர்ந்தால் விஷமாகும். மீன் குஞ்சு விற்கிற பண்ணைகளில் வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஹாப்பா என்னும் துணிவலைத் தொட்டிலில் பட்டினி போட்டு வைப்பதும் இதற்காகத்தான்.

## 4. கரைக்குப் போனதும் முதல் வேலை: தண்ணீர் மொள்ளுங்கள்

தூண்டிலைப் பிரிப்பதற்கு முன், வலையை உதறுவதற்கு முன், வாளியை நிரப்புங்கள். மீன் எந்தத் தண்ணீரில் வாழ்ந்ததோ அதே தண்ணீர்தான் அதற்குப் பாதுகாப்பு. வெப்பம், உப்பு, காரம் எல்லாம் அதற்குப் பழகியவை.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் சேறு. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் கோடையில் தண்ணீர் வற்றும் நேரம் மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்னும் பிடிகருவிகளும் வலையுமாக ஊரே ஒரே நேரத்தில் இறங்கும். கால் மணி நேரத்தில் கண்மாய்த் தண்ணீர் காபி நிறத்துக்கு வந்துவிடும். அந்தச் சேற்றுத் தண்ணீரில் வைத்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்புச் சீப்பு மாதிரி இருக்க வேண்டிய இழைகளின் இடையில் களிமண் பூசியிருக்கும். அதனால் மூச்சு விட முடியாது. ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் ஆழமான பக்கத்திலிருந்து எடுத்துவைத்த நாலு வாளித் தண்ணீர், அன்றைக்கு நீங்கள் பிடிக்கப்போகிற மீனைவிட மதிப்புள்ளது.

விடியற்காலையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பாசி படர்ந்து பச்சையாக இருக்கும் தண்ணீரில், பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மொண்ட தண்ணீரை அப்படியே வைக்காமல், சொம்பால் ஒரு முழம் உயரத்திலிருந்து ஐம்பது தடவையாவது ஆற்றுங்கள். டீ ஆற்றுகிற மாதிரிதான். நுரை எழும்ப ஆற்றினால் காற்று உள்ளே இறங்கும்.

நிரப்பிய வாளியை நிழலில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். அதே 10 டிகிரி ஏறும்போது மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இருப்பு குறைகிறது, தேவை ஏறுகிறது. வெயிலில் கருப்பு வாளியை வைத்துவிட்டு மீன் ஏன் செத்தது என்று கேட்பதில் பொருளில்லை.

## 5. பிடித்து, கழற்றி, வாளியில் விடுவது

தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் அழுத்திப் படியவைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் நழுவிப் போகும், போகட்டும். மாட்டினது வாய் கிழியாமல் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். தக்கை அமிழ்ந்ததும் தாமதிக்காமல் இழுங்கள். தாமதித்தால் முள்ளை விழுங்கிவிடும்.

முள்ளை விழுங்கிய மீனையும் செவுளிலிருந்து ரத்தம் வடியும் மீனையும் உயிரோடு வைக்கும் வாளிக்குள் போடாதீர்கள். அது பிழைக்காது. அதன் ரத்தமும் சளியும் மற்ற மீனின் தண்ணீரைக் கெடுக்கும். முதல் பகுதியில் சொன்ன மாதிரி உடனே கொன்று ஐஸுக்கு அனுப்புங்கள். மனம் வராமல் "பார்ப்போமே" என்று ஒன்றைப் போட்டுவைத்து, கூட இருந்த நாலையும் சேர்த்து இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீனைத் தொடும் முன் இரண்டு கையையும் நனையுங்கள். மீனின் மேலுள்ள வழுவழுப்புதான் அதன் தோலுக்குக் காவல். உலர்ந்த கையோ, துண்டோ, மணலோ பட்டால் அது வழன்று வந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் அதே விரல் தடத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை எழும்பும். ஒருமுறை ஒரு மிர்காலின் முதுகில் நாலு விரலும் பதிந்த மாதிரி நாலு வெள்ளைக் கோடு எழும்பியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து கை நனைக்காமல் யாரையும் மீனைத் தொட விடுவதில்லை.

செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்க வேண்டாம். வாலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். வயிற்றுக்கடியில் ஒரு கை, வாலுக்கு முன்னால் ஒரு கை. கெண்டை வகை தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டோ எடுப்பதானால், போனைத் தயாராக வைத்துக்கொண்டு அப்புறம் மீனைத் தூக்குங்கள்.

கெளுத்தியும் தேளியும் பக்கத் துடுப்பு முள்ளால் குத்தும். தேளி முள்ளில் விஷம் உண்டு, கடுகடுவென்று ஏறும். குத்திவிட்டால் தோல் வேகாத அளவு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். வீக்கம் பரவினால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இவற்றின் முள் வலையில் சிக்கினால் மீனை இழுக்காதீர்கள், வலைக் கண்ணியைக் கத்தரியுங்கள். ஒரு கண்ணியை அப்புறம் முடிந்துகொள்ளலாம்.

## 6. கரையில் காத்திருக்கும் நேரம்

பிடித்த மீனைச் செவுள் வழியாக நார் கோத்துத் தண்ணீரில் கட்டிவைப்பது பழைய வழக்கம். அசைவதால் உயிரோடு இருப்பதாகத் தெரியும். செவுள் இழை அறுந்துவிட்டது, இனி அது சில மணி நேரம்தான். உயிரோடு வீடு சேர வேண்டிய மீனுக்கு இதைச் செய்யாதீர்கள்.

கண்மாய்த் தண்ணீர் இன்னும் கலங்காமல் இருந்தால், கொசுவலைத் துணியில் தைத்த ஹாப்பாவை நாலு குச்சியில் கட்டி, ஆழமான, நிழல் விழும் பக்கத்தில் அதற்குள் மீனை விடுவதே சிறந்தது. மேல் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழமாவது நிற்க வேண்டும். விரால் மேலே வந்து காற்று எடுக்கவும் இடம் கிடைக்கும், துள்ளி வெளியேறவும் முடியாது.

ஹாப்பா இல்லையென்றால் வாளிதான். காற்று மோட்டார் ஓடாத 20 லிட்டர் வாளியில் செவுள் மீன் அரைக் கிலோவுக்கு மேல் நான் போடுவதில்லை. மோட்டார் ஓடினால் ஒரு கிலோ. விரால் என்றால் அதே வாளியில் பாதித் தண்ணீரும் மூன்று கிலோ மீனும் தாங்கும், ஓட்டை போட்ட மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு குறைவாகத் தெரியும். இரண்டு கிலோ போட்டு ஒரு கிலோ சாகக் கொடுப்பதைவிட இது மேல்.

உப்புப் பொட்டலத்தை இப்போது கரையுங்கள், லிட்டருக்கு 3 கிராம். மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள நன்னீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் எப்போதும் உடலுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும், அதை வெளியேற்றவே மீன் பாடுபடும். செதில் உரிந்து வழுவழுப்பு போன மீனில் இது இன்னும் கூடும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாடு குறையும். அயிரை மாதிரி நுண்ணிய செதில் மீனுக்கு நான் பாதி அளவுதான் போடுவேன்.

மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலையில் எடுத்துவைத்த தெளிந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுக்கு உப்பையும் சேருங்கள். நாலு வாளி எடுத்துவைக்கச் சொன்னது இதற்குத்தான்.

## 7. வண்டியில்

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தண்ணீரை மாற்றி, துவண்ட மீனைப் பிரித்தெடுங்கள். வழியில் ஒன்று செத்தால் அது அழுகத் தொடங்கி மற்றவற்றின் ஆக்சிஜனையும் தின்னும்.

பைக்கில் கொண்டுபோகிறவர்கள் வாளியை முன்னால், காலுக்கிடையில் வைக்காமல் பின்னால் கட்டுங்கள், இன்ஜின் சூடு படக் கூடாது. ஈரச் சாக்கைச் சுற்றி, மேலேயும் போட்டுவிட்டால் ஓடுகிற காற்றில் தண்ணீர் குளிர்ந்துகொண்டே வரும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. கொஞ்சம் குலுங்கினால் கவலை வேண்டாம், குலுங்கக் குலுங்கக் காற்று கலக்கும். சிக்னலிலும் டீக்கடையிலும் நிற்கும்போதுதான் மீன் திணறும். டீ குடிக்க நின்றால் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

ஐஸை நேரடியாகத் தண்ணீரில் போடக் கூடாது. கடை ஐஸில் என்ன தண்ணீர் என்று தெரியாது, மேலும் வெப்பம் திடீரென்று இறங்கும். மூடிய பாட்டிலோடு மிதக்கவிடுங்கள். அரை லிட்டர் ஐஸ் முழுதும் உருகினால் 20 லிட்டர் தண்ணீர் இரண்டு டிகிரிக்கு மேல் குளிரும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் போதும்.

நெடுந்தூரத்துக்குப் பாலிதீன் பை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். வாயால் ஊதுவது, சைக்கிள் பம்பால் அடிப்பது எல்லாம் ஆக்சிஜன் ஆகாது. சென்னையில் கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகள் இருக்கும் இடத்தில் சிலிண்டரிலிருந்து அடைத்துக் கொடுப்பார்கள். பை இரட்டையாக இருக்கட்டும். முள்ளுள்ள கெளுத்திக்குப் பையே வேண்டாம்.

## 8. தொட்டியில் இறக்குவது

வீடு வந்ததும் களைப்பில் வாளியைத் தூக்கித் தொட்டிக்குள் அப்படியே கவிழ்க்கத் தோன்றும். வழியெல்லாம் பாடுபட்டுக் காப்பாற்றிய மீன் சாகிற இடம் இதுதான்.

முதல் வருடம் எட்டு கட்லாவை ஒன்றுகூடச் சாகாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று கழுவி, அப்போதே குழாயைத் திறந்து நிரப்பி, மீனை விட்டேன். விட்டவுடன் சுறுசுறுப்பாகத்தான் ஓடின. ஒரு மணி நேரத்தில் சுவரில் முட்டிக்கொண்டு சுழன்றன. விடியும்போது எட்டும் மிதந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளிறிப்போய் மேலே சளி கோத்திருந்தது. அன்றைக்கு யாராவது "தண்ணீரை நேற்றே பிடித்து வை" என்று சொல்லியிருந்தால் அந்த எட்டும் பிழைத்திருக்கும். இந்த வழிகாட்டியில் மூன்றாவது பகுதி அவ்வளவு நீளமாக இருப்பது அதனால்தான்.

சரியான முறை இது. வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் வையுங்கள். இரண்டு தண்ணீரிலும் கை வைத்துப் பாருங்கள், தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொம்பு தொட்டித் தண்ணீரை வாளியில் ஊற்றுங்கள். வாளி நிறைந்தால் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாத நிலை வரட்டும். அரை மணி நேரம் ஆகும். பிறகு கைவலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். வாளித் தண்ணீர் செடிக்குப் போகட்டும். அதில் கழிவும் அம்மோனியாவும் இருக்கின்றன, தொட்டிக்குள் போகக் கூடாது.

ஆக்சிஜன் பையில் பல மணி நேரம் அடைபட்டு வந்த மீனுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. மூடிய பையில் மீன் விடுகிற கரியமில வாயு கரைந்து தண்ணீரைப் புளிப்பாக்கியிருக்கும். அந்தப் புளிப்பில் அம்மோனியா அதிகம் கடிக்காது. பையைத் திறந்து காற்றுப் பட்டதும் கரியமில வாயு வெளியேறும், காரம் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாகும். ஆகவே பையைத் திறக்காமலே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். திறந்ததும் தாமதிக்காமல் மீனைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கிணற்றில் விடுகிறவர்கள் மேலிருந்து வீசாதீர்கள். உயரத்திலிருந்து தண்ணீரில் மோதி மீன் அடிபடக்கூடும். கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, பாதி அமிழ்ந்த நிலையில் அரை மணி நேரம் கட்டிவையுங்கள். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கண்மாயைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். பிறகு வாளியைச் சாய்த்தால் மீன் தானாக வெளியேறும்.

ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியில் புது மீனை அன்றே சேர்க்க வேண்டாம். கண்மாய் மீனில் மீன் பேன் ஒட்டியிருக்கும். துடுப்பின் அடியில் சின்னத் தட்டையான வட்டமாக நகரும். இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

## 9. முதல் இரவும் அடுத்த சில நாளும்

முதல் இரவு தொட்டியை நிழல்வலையால் மூடி, ஓரத்தில் செங்கல் வைத்துவிடுங்கள். விரால் இரவில்தான் துள்ளும். காலையில் வாசலில் கிடக்கும், எறும்பு மொய்த்திருக்கும். விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள், இருட்டில் மீன் அடங்கும். காற்று மோட்டார் இரவு முழுதும் ஓடட்டும். அது இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள், அந்தக் காற்றைத்தான் மோட்டார் தண்ணீருக்குள் தள்ளும்.

முதல் நாள் இரை வேண்டாம். பயத்தில் தின்னாது, போட்ட இரை அழுகும். இரண்டாம் நாள் சாயங்காலம் கொஞ்சமாகப் போட்டு, பத்து நிமிடத்தில் தின்னாததை அள்ளிவிடுங்கள். தினமும் கால் பங்குத் தண்ணீரை, ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரால் மாற்றுங்கள்.

பூஞ்சை தெரிந்தால் தனி வாளியில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு கரைத்து, அதில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். மீன் சாய்ந்தால் நேரம் முடியாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும்.

சமையலுக்கு வைத்திருக்கும் மீனாக இருந்தால் இரை போடாமல் நல்ல தண்ணீரில் சில நாள் வைத்தால் சேற்று வாடை குறையும். ஒரே இரவில் முழுதும் போய்விடாது. அயிரைக்கு இவ்வளவு நாள் தேவையில்லை. வயிற்று மண் வெளியேற அன்றைக்கே இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் போதும். மதுரைப் பக்கம் கடைசியில் பாலில் போட்டு எடுக்கிறவர்களும் உண்டு.

## 10. திணறுகிறதா என்று எப்படித் தெரியும், என்ன செய்வது

செவுள் மீன் எல்லாம் ஒன்றாக மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து விடாமல் திறந்து மூடினால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒன்று மட்டும் அப்படி இருந்தால் அதற்குத்தான் அடி. ஓரமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால் இன்னும் சில நிமிடங்களே உண்டு.

அந்த நேரத்தில் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பாதி மீனைக் காலி வாளிக்கு மாற்றுங்கள். கூட்டத்தைக் குறைப்பதைவிட வேகமான மருந்து இல்லை. அடுத்து மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், வெப்பம் ஒத்திருக்கட்டும். பிறகு சொம்பால் ஆற்றத் தொடங்குங்கள், பத்து நிமிடம் விடாமல். மோட்டார் பேட்டரி தீர்ந்த நாட்களில் இருவர் மாறி மாறி ஆற்றியே ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறோம்.

மீனைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து "மூச்சு கொடுக்க" வேண்டாம். பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகும். தலையைத் தண்ணீர் வரும் பக்கம் காட்டி, நிமிர்த்தி, தளர்வாகப் பிடித்திருங்கள். செவுள் மூடி சீராக அசையத் தொடங்கும். கையிலிருந்து அதுவாகவே வால் அடித்து நகரும் வரை விடாதீர்கள்.

எல்லாம் செய்தும் மீந்துபோன மீனை வழியில் இருக்கும் வேறு குளத்தில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் அப்படி விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். அயிரையும் நாட்டுக் கெளுத்தியும் இருக்கும் கண்மாயில் அது இறங்கினால் கண்ணில் பட்ட குஞ்சையெல்லாம் தின்றுவிடும். மீந்தது எதுவானாலும் பிடித்த இடத்திலேயே விடுங்கள், அல்லது ஐஸில் வையுங்கள்.